சுவருக்கு வந்த செங்கல்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், செல்லங்களா. மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்க வேண்டிய கதை ஒன்று சொல்லப்போகிறேன். எல்லோரும் சாப்பிட்டாயிற்றா? பாதிச் சாப்பாட்டில் இருப்பவர்கள் கையைக் கழுவிவிட்டே வாருங்கள், காத்திருக்கிறேன்.

ஒரு வீட்டில் இரண்டு ஓரகத்திகள். வாசல் இரண்டு, அடுப்பு இரண்டு, கொல்லை மட்டும் ஒன்று. மூத்தவள் தையற்காரி. நாள் முழுக்க வெள்ளைத் துணி தைத்தாலும் ஒரு அழுக்குப் புள்ளி விழாத கை. கொல்லையில் ஆறு கோழி வளர்த்தாள். அதில் சாம்பல் நிறக் கோழி இரண்டு முறை அடைகாத்து, இரண்டு முறையும் முட்டை கூமுட்டையாகி, மூன்றாம் முறைதான் ஒன்பது குஞ்சு பொரித்திருந்தது. அந்த ஒன்பதும் அவளுக்கு உயிர்.

அந்த வாரம் பார்த்துத்தான் இளையவள் ஐந்து வாத்துகளைக் கூடையில் சுமந்துகொண்டு வந்து இறக்கினாள்.

வாத்து என்றதும் உங்களுக்குக் குளத்தில் மிதக்கிற அழகுதான் ஞாபகம் வரும். கூட இருந்து பார்த்தால் தெரியும். கோழி தண்ணீரைக் குடிக்கும். வாத்து தண்ணீரைக் கொலை செய்யும். மூத்தவள் விடிந்ததும் தொட்டியில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் ஊற்றுவாள். ஐந்தும் சேறு அப்பிய அலகை உள்ளே விட்டு அலசும், ஏறி உட்காரும், உட்கார்ந்த இடத்திலேயே கழியும், அதையே ருசித்துக் குடிக்கும். எச்சமாவது கோழி எச்சம் போல விழுந்த இடத்தில் காயுமா? பச்சையும் கறுப்புமாகப் பீச்சும். ஒருநாள் அவள் வெறுங்காலில் மிதித்துவிட்டாள். விரலிடுக்கில் வெதுவெதுப்பாக ஏறியதே ஒன்று, அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அடியே, உன் வாத்து தின்னுறது ஒரு பிடி, போடுறது ஒரு முறமா?"

"நல்லா செரிக்குதுக்கா, அதான்."

"அதுக்குச் செரிக்குது. எனக்குத்தான் குடலைப் பிரட்டுது."

இருட்டினால் கோழியும் வாத்தும் ஒரே கொட்டகையில்தான் அடையும். மண் தரை. இளையவள் அதில் மரத்தூள் தூவி வைத்தாள். மூத்தவள் அதை மறுநாளே கூட்டி வெளியே கொட்டினாள்.

"கழுவாதக்கா, ஈரம் நிக்கும். மரத்தூளைப் போட்டுக் கிளறி விட்டா போதும்."

"குப்பை மேல குப்பையைக் கொட்டிட்டு அதுக்குப் பேரு சுத்தமா? போடி!"

தினமும் நாலு குடம் தண்ணீர். மூலை முடுக்கெல்லாம் ஊற்றி, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தேய்த்தாள். அப்படியும் நாற்றம் போகவில்லை. நாற நாற இன்னும் ஒரு குடம்.

பத்தாம் நாள் குஞ்சுகள் சிறகு தொங்கி, கண் செருகி, ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. எச்சத்தில் ரத்தம். மதியத்துக்குள் மூன்று விறைத்துவிட்டன. மூன்றையும் முந்தானையில் ஏந்திக்கொண்டு அவள் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

"இந்த நாத்தம் பிடிச்சதுங்க போகணும். இல்ல, கொல்லைக்கு நடுவுல சுவர் எழும்பணும்!"

இளையவளின் புருஷன் கொத்தனார். அண்ணி சொல்லைத் தட்டமாட்டான். மறுநாள் காலையிலேயே செங்கல் வந்து இறங்கியது.

"அண்ணி, சுவர் வெச்சா ரெண்டு பக்கமும் சந்து மாதிரி ஆயிடும்."

"ஆகட்டும். நாத்தமில்லாத சந்து."

இளையவள் ஒரு வாத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவோரம் நின்றாள். ஆனால் கால்நடை டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பியது அவள்தான்.

டாக்டரம்மா வந்தார். வாத்துகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகக் கொட்டகைக்குள் குனிந்து, குஞ்சுகள் படுக்கும் மூலையில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிழிந்தார். விரல் வழியே பழுப்புத் தண்ணீர் சொட்டியது. அழுகின வாடை குப்பென்று எழுந்தது.

"இதை யாரு கழுவுறது?"

"நான்தான்" என்றாள் மூத்தவள் பெருமையாக. "தினம் நாலு குடம்."

"அதாம்மா வினை. இது ரத்தக் கழிச்சல். வாத்துக்கிட்டேருந்து வராது, கோழி எச்சத்துலயே இருக்கும். ஈரம் கெடைச்சா பெருகும். வாத்து நனைச்சது நெஜம்தான். காயவிடாம வெச்சது நீங்க."

மூத்தவளுக்கு முகம் செத்துப்போனது.

மருந்து கொடுத்தார். தாயையும் குஞ்சுகளையும் காய்ந்த இடத்தில் தனியாக வைக்கச் சொன்னார். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து மரத்தூள் போட வேண்டும். கோழித் தண்ணீர் வாத்துக்கு எட்டாத உயரத்தில், வாத்துத் தொட்டி கொட்டகையை விட்டுத் தள்ளி.

மண்வெட்டி அந்த மூலைக்குள் நுழையவில்லை. கையால்தான் அள்ள வேண்டும். மூத்தவள் மண்டியிட்டாள். அந்த வெள்ளைத் துணிக் கை மணிக்கட்டுவரை புதைந்தது. கொழகொழவென்று நெளிகிற புழு, ஊறின இறகு, தோலாக உரிந்து வருகிற எச்சம். இரண்டு முறை ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது இளையவள் பக்கத்தில் மண்டியிட்டு அள்ளிக்கொண்டிருந்தாள்.

"நீ எதுக்குடி?"

"பாதி என் வாத்தோடதுதானேக்கா."

வேலை முடிந்து மூத்தவள் நேராகச் செங்கல் குவியலுக்குப் போனாள். நாலு நாலாகத் தூக்கி வந்து மூன்று வரிசை அடுக்கி, மேலே கோழித் தண்ணீர்ச் சட்டியை வைத்தாள்.

"அண்ணி, சுவர்?" என்றான் கொத்தனார்.

"இதான் சுவர். மூணு வரிசை போதும்."

கோழிகள் தாவி ஏறிக் குடித்தன. ஆண் வாத்து கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. எட்டவில்லை. சட்டென்று திரும்பி அவள் பாதத்தின் மேலேயே பீச்சியது.

"சீ, சனியனே!"

இளையவள் சிரிப்பை அடக்கப் பார்த்து மூக்கால் சிரித்தாள். ஆறு குஞ்சும் பிழைத்தன, செல்லங்களா. ஆனால் வாத்தைக் கண்டால் மூத்தவள் இன்றைக்கும் காறித் துப்புவாள்.

உங்கள் வீட்டுத் தரை காய்ந்தே இருக்கட்டும். குடிக்கிற தண்ணீர் தெளிந்தே இருக்கட்டும். நாற்றமெடுத்த நாளிலும் பக்கத்தில் மண்டியிட ஒருத்தி உங்கள் வீட்டில் இருக்கட்டும்.