அலுமாரிக்குள் இன்டர்நெட்

ஸ்ரனிஸ்லாஸ் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கிக் கிழவனானவர். பூட்டில்லாத சாமான் அடுத்தவன் சாமான் என்பது அங்கே அவர் கண்ணால் கண்டது. அதனால் கொழும்பு, கொட்டாஞ்சேனை ஒழுங்கையிலிருந்த தன் வீட்டுக்கு இன்டர்நெட் பெட்டி வந்த அன்றே அதை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். கரண்ட் வயருக்கு அலுமாரியின் முதுகில் ஓட்டை போட்டதும் அவரேதான்.

"சுவருக்குள்ளாலயும் போகும் அங்கிள்" என்று கம்பனிக்கார மெல்ரோய் பெருமையடித்ததால் வந்த வினை அது. சுவருக்குள்ளால் போனால் பக்கத்துக் கடை அலவிக்கல்லவா போகும்?

அன்றிலிருந்து மிலானில் இருக்கும் மகள் ஷெரோமியின் முகம் போனில் வருவதும் உறைவதுமாக இருந்தது. புத்தளத்தில் காட்டோரம் குடியிருக்கும், மனைவி றோஸியின் தம்பிக்குக்கூட ஒழுங்காகப் படம் ஓடியது. கொழும்புக்குள் ஓடவில்லை. மெல்ரோய் இரண்டு தரம் வந்து பார்த்தான். அவன் வரும்போதெல்லாம் ஸ்ரனிஸ்லாஸ் பெட்டியை வெளியே எடுத்து, துடைத்து, மேசையில் வைப்பார். படம் தடங்கலில்லாமல் ஓடும். அவன் போனதும் பெட்டி உள்ளே போய்விடும்.

"கம்பனிக்காரனக் கண்டா மட்டும் வேலை செய்யுது. கள்ளப் பெட்டி" என்றார் றோஸியிடம்.

ஞாயிற்றுக்கிழமை மிலானில் முதல் பேரனுக்கு ஞானஸ்நானம். விசா கிடைக்காத றோஸி, பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, போனை மேசையில் சீனிப் போத்தலில் சாய்த்துவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் தலையில் மூன்று தரம் தண்ணீர் விழுவதைப் பார்க்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். பாதர் தண்ணீரை அள்ளினார். கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"ஐயோ, நிண்டுட்டுது!"

ஸ்ரனிஸ்லாஸ் வாசலுக்குப் பாய்ந்தார். "டேய் அலவி! இண்டைக்காவது என்ட இன்டர்நெட்ட விடடா!"

கடையைப் போட்டது போட்டபடி அலவி உள்ளே வந்தான். "ஒங்கட இன்டர்நெட் எனக்கென்னத்துக்கு? எனக்கு சொந்தமா ஒண்டு ஈக்கி. எங்க ஒங்கட பெட்டி? காட்டுங்க பாப்பம்!"

"காட்டுறன். உன்ட கை எட்டாத இடத்திலதான் வச்சிருக்கிறன்." இடுப்பிலிருந்த திறப்பை எடுத்து அலுமாரிக் கதவை அகலத் திறந்தார்.

பின்னால், மேசையில், ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

"விழுந்திட்டுது! மூண்டாந்தரத் தண்ணி விழுந்திட்டுது!" றோஸி கைதட்டினாள்.

"இரும்புக்குள்ள வெச்சா சிக்னல் எப்பிடி வரும்?" என்றான் அலவி.

ஸ்ரனிஸ்லாஸ் நம்பவில்லை. கதவை மூடிப் பார்த்தார். அழுகை அறுந்தது.

"மனுசா, திறவுங்கோ!"

திறந்தார். பேரன் திரும்ப அழுதான். பெட்டியை வெளியே எடுக்கச் சொன்னான் அலவி. களவாணிக்கு முன்னால் எடுப்பதா? முடியவே முடியாது. கதவைக் கையால் பிடித்தபடி காவல் நின்றார். அலவியோ அவருடைய கதிரையிலேயே உட்கார்ந்து முழு வைபவத்தையும் பார்த்தான்.

ஷெரோமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனுக்குக் கிட்ட வந்தாள். "அம்மா, அப்பா எங்க?"

"அலுமாரியப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்" என்றாள் றோஸி. "விட்டா நீ போயிருவாய்."