அப்புக்காத்தருக்கு வந்த தகரம்

மகாராணி இலங்கைக்கு வந்துபோன அந்த வருஷத்தில், ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், அதை நடத்தும் துரையை விட்டுவிட்டுப் பார்த்தால், தனக்கென்று முழுசாக ஒரு வீடு வைத்திருந்த ஒண்டிக்கட்டை ஒரே ஒரு ஜீவன்தான். அது ஓர் ஆமை.

தோட்டத்து ஒப்பீசில் பெரிய கிளாக்கரான சிவராசா ஐயாவின் வீட்டு வளவில், பக்கவாட்டில் கிடத்திய தேயிலைப் பெட்டி ஒன்றில் அது குடியிருந்தது. வெல்லவாயப் பக்கமிருந்து சோளம் ஏற்றி வந்த லொறிக்காரர், கிளாக்கரின் மனைவி லீலாதேவிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. போகும்போது அதை மல்லாத்திப் பிடித்து, "ஆண் ஆமைங்கம்மா. வயிறு குழிஞ்சிருக்குது பாருங்க, ஆணுன்னா இப்படித்தான் இருக்கும்" என்று காட்டிவிட்டுப் போனார். கழுத்தை நீட்டி, நெடுநேரம் யோசித்து, கடைசியில் ஒன்றும் சொல்லாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும் அதன் சுபாவத்தைப் பார்த்த லீலாதேவிக்கு, யாழ்ப்பாணத்தில் தன் தகப்பனின் காணி வழக்கைப் பன்னிரண்டு வருஷம் இழுத்தடித்த வக்கீலின் ஞாபகம் வந்தது. வக்கீலை அங்கே அப்புக்காத்தர் என்பார்கள். அதையே பெயராக வைத்துவிட்டாள். ஆமை வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று கிளாக்கர் மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். படித்த மனுஷர், ஆனால் பயம் பயம்தானே.

அந்த வீட்டில் கூட்டிப் பெருக்கிச் சமையலுக்கு உதவி செய்யும் இராக்கம்மாவுக்கு, காலையில் பெட்டிக்குள் கீரை வைக்கும்போதெல்லாம் வயிறு எரியும். மூன்று பக்கம் பலகை, மேலே கூரை, பக்கத்தில் இருமுகிறவர் யாருமில்லை. கொடுத்து வைத்த பிறவி என்று நினைத்துக்கொள்வாள்.

அவள் பொறாமையில் நியாயம் இருந்தது. ஓடைப் பக்கம் சரிவுக்குக் கீழே, தொழிலாளர் அறைகள் வரிசையாக நின்ற பணிய லயத்தில் ஏழாம் காம்பரா அவளுடையது. அவளுடையது என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்வது. பன்னிரண்டடிக்குப் பத்தடி அறையில் அவளும் புருஷன் மாடசாமியும், மாடசாமியின் அண்ணன் முருகையாவும் அவன் பெண்சாதி பெரியாயியும், அவர்களுடைய நாலு பிள்ளைகளும் இருந்தார்கள். நடுவில் கயிறு கட்டிப் பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில், அந்த வீட்டுக்குள் அவளும் மாடசாமியும் ஒரு வார்த்தையைக்கூட வாய்விட்டுப் பேசிக்கொண்டது கிடையாது. காதோடு காதாகக் குசுகுசுத்தாலும் பயனில்லை. "நேத்து நீ பாதியில நிறுத்துனியே அந்தக் கதை, அப்புறம் என்னாச்சு?" என்று விடிந்ததும் பெரியாயி கேட்பாள். பெரியாயி கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

போன மாதம்தான் இராக்கம்மா துணிந்து கிளாக்கரிடம் கேட்டாள்.

"காம்பரா ஒண்டும் வெறுமையா இல்லை, பிள்ளை" என்றார் அவர். "உங்கட முன்பக்க இஸ்தோப்பு, அந்தத் திறந்த திண்ணையைத் தகரத்தால அடைச்சா ஒரு சின்ன அறை வரும்தான். ஆனா துரை தகரம் தரமாட்டார். அண்ணன் தம்பிதானே, அனுசரிச்சுப் போங்கோ."

அதற்குப் பிறகுதான் ஐப்பசி மழை பிடித்தது. அப்புக்காத்தர் மூன்று நாளாகக் கீரையைத் தொடவில்லை.

"இஞ்சேருங்கோ, அது தனிமையில வாடுது" என்றாள் லீலாதேவி கணவனிடம். "கதைக்கப் பேச ஒரு சீவன் இல்லாட்டி ஆருக்குத்தான் சாப்பாடு இறங்கும்?"

அவளுக்குப் பிள்ளையில்லை. சொந்தபந்தமெல்லாம் வடக்கே இருந்தது. ஐயா காலையில் ஒப்பீசுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். ஆமையைப் பற்றிச் சொன்னாளா தன்னைப் பற்றிச் சொன்னாளா என்று கிளாக்கர் யோசித்துப் பார்த்திருக்கலாம். அவர் யோசிக்கவில்லை.

"குளிருதுங்கம்மா அதுக்கு" என்றாள் இராக்கம்மா. "வெயிலடிச்சா தன்னால திங்கும். தனியா இருக்கிறதுல அதுக்கு என்னாங்க கஷ்டம்? காலை நீட்டிக்கிட்டுப் படுக்குது."

"உனக்கு விளங்காது. வீடு நிறைய ஆக்கள் உனக்கு."

விளங்காதுதான். கூட்டத்தில் நசுங்குகிறவளுக்குத் தனிமை விருந்து, தனிமையில் கிடக்கிறவளுக்குக் கூட்டம் விருந்து. இருவருமே அந்த ஆமையை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லொறிக்காரருக்குச் சொல்லி அனுப்பி அடுத்த வாரமே இரண்டாவது ஆமை வந்தது. இந்த முறை மல்லாத்திக் காட்ட அவர் வரவில்லை, யாரோ கிளீனர் பையன் கோணியோடு இறக்கிவிட்டுப் போனான். லீலாதேவி அதற்குக் குங்குமப் பொட்டு வைத்து, பொம்பிளை என்று பெயரிட்டு, அப்புக்காத்தரின் பெட்டிக்குள் விட்டாள். கல்யாணப் பெண்ணை அவர்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள். அன்று கிளாக்கர் வீட்டில் பாயாசமும் உண்டு.

பாயாசம் ஆறுவதற்குள் டொக் என்று சத்தம் கேட்டது. அப்புக்காத்தர் நாலெட்டுப் பின்வாங்கி, ஓடி வந்து, பொம்பிளையின் ஓட்டில் மோதினார். பொம்பிளையும் லேசுப்பட்டதில்லை, திருப்பி மோதியது. மறுநாள் காலை அது பெட்டி மூலையில் மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. தூக்கி நிமிர்த்தப் போன இராக்கம்மா அதன் அடிவயிற்றைப் பார்த்தாள். சிரட்டையைச் சுரண்டியது போல் நன்றாகக் குழிந்திருந்தது.

"அம்மா, இது பொம்பிளை இல்லைங்க" என்றாள். "இதுவும் ஆம்பளைதாங்க."

வைத்த பொட்டை அழிக்கவும் மனமில்லாமல், வைத்துக்கொள்ளவும் வழியில்லாமல் லீலாதேவி நின்றாள்.

"ஒண்டா இருந்தாப் பழகிடும்" என்றார் கிளாக்கர். பழகவில்லை. போட்டியில் பசி வந்ததோ என்னவோ, கீரை முழுவதையும் அப்புக்காத்தரே தின்றார். பொம்பிளை மூலையில் தலையை இழுத்துக்கொண்டு பட்டினி கிடந்தது. நடுவில் கம்பி வலை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றையொன்று பார்த்த மாத்திரத்தில் வலையை மோதின. கண்ணில் படாமல் இருந்தால்தான் அடங்கும் என்று ஆனது.

"இன்னொரு தேயிலைப் பெட்டிய அந்தக் கோடியில போட்டு, குறுக்க கல்லு அடுக்கினாப் போதுமுங்களே" என்றாள் இராக்கம்மா.

கிளாக்கருக்கு அது பிடிக்கவில்லை. எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் அவருக்கு. வளவில் பெட்டியும் கல்லுமாகக் கிடந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? உயரமாகத் தகரம் அடித்து, மேலே கூரை போட்டு, பொம்பிளைக்குத் தனி வீடே கட்ட வேண்டும் என்றார். அன்று மாலை தேநீர் கொண்டுபோன இராக்கம்மா, மேசையருகில் நின்றபடியே மிச்சக் கதையையும் கேட்டாள்.

"ஆமைக்கெண்டு கேட்டால் துரை தருவாரே?" என்றாள் லீலாதேவி.

"ஆமைக்கெண்டு ஆர் எழுதினது? பணிய லயம், ஏழாம் காம்பரா, மாடசாமி குடும்பத்துக்கு இஸ்தோப்பு அடைக்க எண்டு துண்டுச் சீட்டு எழுதினன். ஆறு தகரம், பலகை, ஆணி. மனுசன் ஒரு கேள்வி கேக்கேல்லை. கையெழுத்துப் போட்டுட்டார்."

 துரை தரமாட்டார் என்று சொன்னவர் இவர்தான். துரையிடம் யாரும் கேட்டதேயில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கோபத்தில் காது சூடேறியது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் கிளாக்கர் வேலையாகப் பதுளைக்குப் போய்விட்டார். தகரத்தை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று ஸ்டோர்காரன் கந்தப்பனிடம் சொல்லிவிட்டுப் போக மறந்துவிட்டார். கந்தப்பன் துண்டைப் படித்தான். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்ற மாடசாமியைக் கூப்பிட்டு, "ஒன் காம்பராவுக்குத் தகரம் வந்திருக்குடா, தூக்கிக்கிட்டுப் போ. சனிக்கிழம தொரை வந்து பாப்பாராம்" என்றான்.

கிளாக்கர் வீட்டில் வேலை முடிந்து மத்தியானம் லயத்துக்கு இறங்கிய இராக்கம்மாவுக்கு, தூரத்திலேயே சுத்தியல் சத்தம் கேட்டது. அண்ணனும் தம்பியும் இஸ்தோப்பில் சட்டம் நிறுத்தி மூன்று தகரத்தை அடித்து முடித்திருந்தார்கள்.

"பாரு இராக்கு" என்றான் மாடசாமி. முகமெல்லாம் சிரிப்பு. "கிளாக்கரையா நம்மள மறக்கல. தங்கமான மனுசன்."

அது ஆமைக்கு வந்த தகரம் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவன் சிரிப்பைப் பார்த்தாள். பிறகு கீழே கிடந்த ஆணிப் பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நீட்டினாள்.

அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பிடுங்கச் சொன்னால் என்ன செய்வது? கிடைக்காமல் இருந்தது ஒரு வலி. கிடைத்ததைப் பிடுங்கிக்கொண்டு போவதைத் தாங்க முடியாது.

தகரம் போன இடத்தைக் கேள்விப்பட்டு, மறுநாள் காலை கிளாக்கர் குடையை ஊன்றிக்கொண்டு லயத்துக்கே வந்துவிட்டார். தகரத்தைத் திருப்பித் தூக்கி வருகிறவர்களிடம், பொம்பிளை வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் என்று சொல்ல லீலாதேவியும் கூட வந்திருந்தாள். தோட்டத்துக்கு வந்த இந்த மூன்று வருஷத்தில் அவள் லயத்துப் பக்கம் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"ஆர் உங்களை இதை அடிக்கச் சொன்னது?" என்றார் கிளாக்கர்.

மாடசாமி கையைக் கட்டிக்கொண்டு விழித்தான். இராக்கம்மா முன்னால் வந்தாள். 

"நீங்கதானுங்க ஐயா" என்றாள். "துண்டுல பணிய லயம், ஏழாம் காம்பரா, மாடசாமின்னு எழுதியிருந்துச்சாமுங்களே. சனிக்கிழம தொரை பாக்க வாராருங்களாம். வேணாமுன்னா இப்பவே புடுங்கிடுறோம். தொரை கேட்டா என்னா சொல்றதுன்னு மட்டும் ஐயா சொல்லிக் குடுத்திட்டுப் போங்க."

கிளாக்கர் வாயைத் திறந்தார். கழுத்தை நீட்டினார். நெடுநேரம் யோசித்தார். கடைசியில் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். லீலாதேவிக்கு அந்தச் சாடை எங்கேயோ தினமும் பார்த்ததாக இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தாள். கயிற்றில் தொங்கும் சேலை, இந்தப் பக்கம் ஒரு பாய், அந்தப் பக்கம் சுருட்டி வைத்த ஐந்தாறு பாய், ஒரே அடுப்பு. சிரிப்பு போய்விட்டது.

"எத்தினை பேர் இதுக்குள்ள?"

"எட்டுப் பேருங்கம்மா."

லீலாதேவி கணவனைப் பார்த்தாள். "ரெண்டு ஆமை ஒரு பெட்டிக்குள்ள இருக்கேலாது எண்டு உங்களுக்கு ஒரு கிழமையில விளங்கிட்டுது" என்றாள். "தகரம் இஞ்சையே இருக்கட்டும். எனக்கு இன்னொரு தேயிலைப் பெட்டி எடுத்துத் தாங்கோ."

பொம்பிளைக்கு வளவின் மறுகோடியில் பெட்டியும், குறுக்கே அடுக்கிய கல்லும் போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் வெயிலடித்தது. இரண்டும் தனித்தனியே வயிறு முட்டத் தின்றன, ஒன்றை ஒன்று தேடவேயில்லை. தேடினது லீலாதேவிதான். பின்னேரங்களில் பெரியாயியின் பிள்ளைகளை ஆமை பார்க்க வரச் சொல்லி ஆளனுப்பத் தொடங்கினாள்.

சனிக்கிழமை துரை வந்து, தகரத்தைத் தடியால் இரண்டு தட்டுத் தட்டி, தலையாட்டிவிட்டுப் போனார். அன்று மாலை இராக்கம்மா புது அறையில் பால் காய்ச்சினாள். ஆறடிக்கு எட்டடி இருக்கும். பாய் விரித்தால் நடக்க இடமில்லை. ஆனாலும் கதவு இருந்தது. அவள் அதைச் சாத்தினாள்.

மாடசாமி சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, அவள் காதருகே குனிந்து, "நல்லாயிருக்குல்ல?" என்று குசுகுசுத்தான்.

இராக்கம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "ஏன் குசுகுசுக்குறீங்க?" என்றாள். "இது நம்ம வீடு. வாய்விட்டுப் பேசுங்க."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். இரண்டு வருஷமாகச் சத்தமாகப் பேச நினைத்தது எதுவும் அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வரவில்லை. கடைசியில் முழுக் குரலில், "இராக்கம்மா" என்றான்.

தன் பெயர் அவ்வளவு நீளம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து பெரியாயியின் குரல் வந்தது: "கேக்குதுப்பா. அப்புறம் சொல்லு."