மெருரோய் சான்

மெல்ரோயை மாதம்பிட்டியில் அடக்கம் செய்து இரண்டு மாதத்துக்குப் பிறகு, அவனுடைய பொருட்கள் ஒரு காட்போட் பெட்டியில் கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஜப்பானில் மீன் பதனிடும் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தவன். இருபத்தாறு வயது. தங்குமிடத்தில் நெஞ்சு வலியால் இறந்தான் என்று கம்பனி ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருந்தது.

“தனிய கிடந்து செத்தானா, யாராச்சும் பக்கத்துல இருந்தாங்களா?” தாய் மேபல் இரவில் தூங்காமல் இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற தகப்பன் நிக்கலஸ் அந்த இரண்டு வரியைத் திரும்பவும் எடுத்து வாசிப்பார்.

பெட்டியில் உடுப்புகளும் ஒரு ஜெபமாலையும் ஆறு கொமிக் புத்தகங்களும் இருந்தன. நிக்கலஸ் ஒன்றைத் திறந்தார். அது பின்பக்கத்திலிருந்து தொடங்கியது. சிறுவர்களுக்கான கதை. ஒவ்வொரு ஜப்பான் எழுத்துக்கும் பக்கத்தில் மகன் பென்சிலால் தமிழில் குறித்திருந்தான்: க, மி, தோ. இரண்டாவது புத்தகத்தில் அங்கொன்றும் இங்கொன்றும். மூன்றாவதில் பென்சிலே இல்லை. பிள்ளை வாசிக்கப் பழகிவிட்டான் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் ஒரு தடித்த சீஆர் கொப்பி வாங்கி வந்து, முதல் புத்தகத்தைப் பார்த்து எழுதத் தொடங்கினார்.

“புள்ளையே போய்ட்டான். இத வச்சு என்ன செய்யப் போறீங்க?”

“அவன் வாசிச்சத நானும் வாசிக்கணும், மேபல்.”

அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

வளைந்து போகும் ஹிரகானா எழுத்துகள் நாற்பத்தாறு. நெ, ரெ, வ மூன்றும் அவர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. பிறகு கூர்கூரான கதகானா. அடி விழும் சத்தம், கதவு சாத்தும் சத்தம் எல்லாம் படங்களுக்கு நடுவே அதில்தான் இருந்தன. ஒரு பக்கத்தில் வெறும் அறை. அதற்கு மேல் பெரிதாக ‘ஷீன்’ என்றிருந்தது. மகன் பக்கத்தில் எழுதியிருந்தான்: சத்தமே இல்லை. அன்று நிக்கலஸ் அதற்கு மேல் வாசிக்கவில்லை.

மெல்ரோய் இறந்து பத்தாவது மாதம் ஜப்பானிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவரின் விலாசம் அவன் தங்கியிருந்த அதே விலாசம். உள்ளே கையெழுத்தில் ஒரு பக்கம், முழுக்க ஹிரகானா. மொழிபெயர்க்கப் போன் கமராவைப் பிடித்துப் பார்த்தார். அந்த நடுங்கிய கையெழுத்து அதற்குப் பிடிபடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே எழுத்துக் கூட்டினார்.

“மெ... ரு... ரோ... இ... சான்.”

மேபல் கைவேலையை விட்டுவிட்டு வந்தாள். “என்ன அது?”

“மெல்ரோய். ‘சான்’ மரியாதைக்குச் சேக்கிறது. அங்க அவன அப்படித்தான் கூப்பிட்டிருக்காங்க.”

அவள் கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் போனில் தட்டினார். வரிவரியாக அர்த்தம் வந்தது. எழுதியவள் கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரி. எண்பத்தொரு வயது. அவன் விழுந்த சத்தம் கேட்டு மேலே ஏறிப் போயிருக்கிறாள். அம்புலன்ஸ் வரும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்திருக்கிறாள். உங்கள் விலாசத்தைக் கம்பனியிடம் கேட்டு வாங்க இவ்வளவு காலமாயிற்று, மன்னியுங்கள் என்று எழுதியிருந்தாள். கடைசி வரி: மெல்ரோய் தனியாக இருக்கவில்லை.

நிக்கலஸ் போனை மனைவியிடம் நீட்டினார். அவள் வாசித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இந்தக் கடைசி வரிய அந்தம்மாட பாஷையிலயே வாசிங்க.”

“மெருரோய் சான் வா ஹிதோரி ஜா அரிமசென் தெஷித்தா.”

“இன்னொருக்கா.”

மூன்று தடவை வாசித்தார். மூன்றாவது தடவை அவள் வாய்விட்டு அழுதாள். அடக்கம் செய்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அவர் தடுக்கவில்லை.

பதிலுக்கு நான்கு வரி எழுத அவருக்கு மூன்று நாள் எடுத்தது. கோணல்மாணலான எழுத்து. அடியில் மேபலின் பெயரையும் சேர்த்தார். தபால் கந்தோருக்கு இருவரும் சேர்ந்து நடந்து போனார்கள். திரும்பி வந்து, வெயில் இறங்கும்வரை மேபல் அசையாமல் தூங்கினாள்.