செருப்பைக் கழற்றிய கார்

கூத்தம்பாறைக்கு ரோடு கிடையாது. ஆனாலும் புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளனே ஊர்க் கோயிலுக்கு முன்னால் ஒரு பெரிய கறுப்புக் கார் நின்றது. கொடைக்கானல் மலையில், வெள்ளகவி கிராமத்துக்கும் கீழே, ஒற்றையடிப் பாதையில் இன்னும் ஒரு மணி நேரம் இறங்கினால் வருகிற ஊர் இது. பாதையின் அகலம் இரண்டடி, காரின் அகலம் ஆறேகால் அடி. வழியில் ஒரு செடி ஒடியவில்லை, ஒரு கல் புரளவில்லை. சாணி தெளிக்க வந்த ராக்காயிதான் முதலில் பார்த்தாள். "இதென்ன கருமம், வழிய மறிச்சுக் கெடக்கு" என்று சொல்லிவிட்டு, காரைச் சுற்றித் தெளித்துவிட்டுப் போனாள். அன்றைக்கு எங்கள் ஊர் எலுமிச்சை கிலோ அறுபது ரூபாய்.

காரின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆளுக்கொன்றாகக் கட்டிவிடுவார்கள். பெரிய மனிதர்கள் பின்சீட்டில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டு போவதற்காக வெளிநாட்டில் செய்த வண்டி அது. உள்ளே மரப்பலகை வேலை, மெத்தை வைத்த சீட்டு, எல்லாம் உண்டு. மூஞ்சிதான் வில்லங்கம். கண்கள் இரண்டும் பிதுங்கி, வாய் காதுவரை பிளந்து, பின்பக்கம் டிக்கி மூடிக்கு மேல் இன்னொரு மூடி வைத்தது போலப் புடைத்திருக்கும். பார்த்தவர்களில் பாதிப் பேர் கண்ணை எடுக்க மாட்டார்கள், மீதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். செய்த கம்பெனியே சில வருஷத்தில் போதுமென்று நிறுத்திவிட்டது. கொடைக்கானலில் ஓட்டல் வைத்திருந்த சுவாமிநாதன் அதை ஆசை ஆசையாக வாங்கி வந்தபோது, அவர் மனைவி லீலா வாசலில் நின்று பார்த்தாள். "வயித்துவலி வந்த மாதிரில்ல இருக்கு. இதுல நான் ஏற மாட்டேங்க" என்றாள். பதினோரு வருஷம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கல்யாணம் காட்சிக்கு அவள் பஸ்ஸில் போக, பஸ்ஸுக்குப் பின்னாலேயே அவர் காரில் போவார். அதன்பின் பழனியில் ஒரு லாட்ஜ்காரர், வில்பட்டியில் ஒரு கேரட் வியாபாரி என்று கை மாறியது. போன வீட்டிலெல்லாம் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். கடைசியில் யாருக்கும் வேண்டாமல் வட்டக்கானல் ரோட்டோரம் ஆறு வருஷம் கொடி படர்ந்து கிடந்தது. அங்கிருந்துதான் ஆளில்லாமல் இறங்கி வந்திருக்கிறது.

எங்கள் ஊர் எல்லைக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. கலெக்டரே வந்தாலும் எல்லையில் இருக்கிற நாவல் மரத்தடியில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். பூசாரி நாச்சிமுத்து காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "மனுசனுக்கு ஒரு ஞாயம், காருக்கு ஒரு ஞாயமா?" என்று கேட்டார். டயர் நாலையும் கழற்றி மரத்தடியில் செருப்புகளோடு செருப்பாக வைத்தார்கள். காரை நாலு கல்லின் மேல் உட்கார வைத்தார்கள். அதோடு ஊரும் இரண்டானது. மேலத்தெரு, கருப்பசாமி முகமே அப்படித்தான் இருக்கும் என்றது. கீழத்தெரு, தேரை முகம் என்றது. சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த இரண்டு வீடுகள் இதனால் பேச்சை நிறுத்தின. இந்த வயதில் இதையெல்லாம் எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது.

ராக்காயியின் புருஷன் திருமலைச்சாமி இந்தச் சண்டையில் சேரவில்லை. அவர் சோலி ஒன்றே ஒன்று, ரோடு. ஒன்பது வருஷத்துக்கு முன் மூத்த மகள் ஜோதிமணிக்குத் தலைப்பிரசவ வலி எடுத்து, மழையில் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். வழுக்குப்பாறை வளைவில், "இன்னும் எம்புட்டு தூரம்ப்பா?" என்று கேட்டாள். "இந்தா, வந்துருச்சு" என்றார் அவர். பாதி வழிகூட ஆகியிருக்கவில்லை. அந்த வளைவிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அன்றிலிருந்து ரோடு கேட்டு இருபத்து மூன்று மனு எழுதினார். இப்போது உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த இளையவள் பாண்டிச்செல்விக்கு ஏழாம் மாதம். ஒன்பது பிறந்ததும் கொடைக்கானலில் ஒரு ரூம் பிடித்து அவளைத் தங்க வைப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். இருந்தாலும் மனசு கேட்காமல் ஐப்பசியில் இருபத்து நாலாவது மனுவைத் தூக்கிக்கொண்டு மலையேறினார்.

கொடைக்கானல் தாலுகா ஆபீசில் இருந்தவர் மனுவைப் படிக்கவில்லை, தன் செல்போனைத் திருப்பிக் காட்டினார். கோயிலுக்கு முன்னால் கார் நிற்கிற போட்டோ. "ரோடு இல்லாத ஊருக்கு கார் எப்படிங்க வந்துச்சு?"

"அது தானா வந்துச்சுங்க."

"தானா வர்ற அளவுக்கு ரோடு நல்லாருக்குன்னு சொல்லுங்க."

அப்படியே எழுதி ஃபைலை மூடிவிட்டார். 'கூத்தம்பாறைக்குக் கார்ப் போக்குவரத்து உள்ளது' என்பதுதான் அவர் எழுதியது. அப்படியானால் அந்தக் காரையாவது எடுத்துக்கொண்டு போங்கள் என்று திருமலைச்சாமி கேட்டார். வந்த வழியாகவே போகச் சொல்லுங்கள் என்றார்கள். இறங்கி வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை, கார் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். "சனியனே, நல்லாருப்பியா நீ?" என்று அதன் பிதுங்கின கண்ணைப் பார்த்துக் கேட்டார். கேட்டுவிட்டு வாய்விட்டு அழுதார். இரண்டு தெருக்காரர்களும் பார்த்தார்கள், யாரும் கிட்டே போகவில்லை.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள், ஊரே கஞ்சி குடிக்கிற நேரத்தில் பாண்டிச்செல்விக்கு வலி கண்டுவிட்டது. எட்டாம் மாதம்தான். மழை சட்டி சட்டியாய் ஊற்றியது. டோலிக்குக் கம்பளி எடுக்கப் போன கையை ராக்காயி தட்டிவிட்டாள். "ஒருத்திய நனைய விட்டுக் குடுத்தது போதும். இவளக் கார்ல ஏத்துங்க."

"டயரு இல்லாத கார்லயா?" என்று தூக்க வந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

"டோலிக்கு மட்டும் டயரு இருக்கா? தூக்குங்கடா!"

அடியில் இரண்டு சவுக்குக் கம்பு கொடுத்துக் கட்டினார்கள். மேலத்தெருவில் நாலு பேர், கீழத்தெருவில் நாலு பேர். தூக்கிப் பார்த்தால் காருக்குக் கனமே இல்லை. பாண்டிச்செல்வியும், அவளைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்த ராக்காயியும் என்ன கனமோ அவ்வளவுதான் தோளில் இருந்தது. மழையில் அதைப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, வெரசா நடந்தார்கள். நாவல் மரத்தடியில் எட்டுப் பேரும் ஆளுக்கொரு ஜோடி செருப்பை மாட்டிக்கொண்டார்கள். டயர் மாட்ட நேரமில்லாததால் கார் வெறுங்காலோடு போனது. இரண்டடிப் பாதை அதற்கு வழி விட்டது.

வழுக்குப்பாறை வளைவில் எட்டுத் தோளும் ஒன்றுபோல் அழுந்தின. காரை இறக்கி வைத்தார்கள். முன்சீட்டுக் கதவு தானாகத் திறந்துகொண்டது. வெளியே மழையும் காப்பிச் செடியும் தவிர யாருமில்லை. ராக்காயி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏறிக்கடி ஆத்தா. எம்புட்டு நேரம் நனைவ?" என்றாள். கொஞ்சம் பொறுத்துக் கதவு மூடிக்கொண்டது. மறுபடி தூக்கியபோது முன்னால் பிடித்திருந்த நாச்சிமுத்து, "மாமா, ஒரு ஆள் கூடிருச்சு" என்றார்.

"மூத்தவப்பா" என்றார் திருமலைச்சாமி. "நட."

வட்டக்கானலில் டூரிஸ்டுகள் போட்டோ எடுத்தார்கள். ஒருவர் என்ன அழகு என்றார், ஒருவர் சீ என்றார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது மணி மூன்றேகால். பாண்டிச்செல்வியை உள்ளே கொண்டுபோனார்கள். திருமலைச்சாமி முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒரு ஆள் இறங்குகிற நேரம் நின்றார். "வந்துருச்சும்மா" என்றார். பிறகு மூடினார். எத்தனை பேரைக் கூட்டி வந்தீர்கள் என்று நர்ஸ் கேட்டதற்கு ராக்காயி, "ரெண்டு பேரும்மா, ரெண்டும் எம்புள்ளைக" என்றாள். நர்ஸ் ஒன்று என்று எழுதிக்கொண்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது, இரண்டு கிலோ நூறு.

வட்டக்கானல் போட்டோவும் அந்த ஃபைலில் சேர்ந்துவிட்டது, ரோடு நல்ல நிலையில் இருப்பதற்குச் சாட்சியாக. இனிமேல் மனு எழுதிப் பிரயோசனமில்லை என்று திருமலைச்சாமியும் விட்டுவிட்டார். அதன்பின் பாம்பு கடித்தவர், கால் ஒடிந்தவர், பிள்ளைத்தாய்ச்சி என்று எல்லாரையும் காரில்தான் தூக்கிக்கொண்டு போகிறோம். கனமில்லாவிட்டாலும் ஏற்றம் ஏற்றம்தானே, தோள் காய்த்துப் போய்விட்டது. டயர் நாலும் இன்னும் நாவல் மரத்தடியில்தான் கிடக்கின்றன. மூஞ்சியைப் பற்றிய சண்டையும் ஓயவில்லை. வழுக்குப்பாறை வளைவில் தோள் மாற்றுவதற்காகக் காரை இறக்கும்போது திருமலைச்சாமி பழக்கத்தில் முன்கதவைத் திறந்து கொஞ்ச நேரம் பார்ப்பார். யாரும் ஏறுவதில்லை. அவள்தான் போய்ச் சேர்ந்துவிட்டாளே என்று மூடிவிட்டு நடப்பார்.