கவுன் விளிம்பில் ஈயம்

அடுத்த வீட்டு மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் சொதப்பினால் அவர் அதை மிதிப்பார். பழக்கதோஷம், மனைவி குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்தால்கூட அவர் கால் தரையை அழுத்தும். எங்கள் மாடியில் அவருக்குப் பெயர் 'பிரேக் மாஸ்டர்'. பெயர் வைத்தது யார் என்பது இங்கே தேவையில்லாத பேச்சு.

மனைவிக்கு வயிற்றில் புற்றுநோய். நோய் வருவதற்கு முன் ஜன்னல் திரை தைத்துக்கொண்டிருந்தவள். இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொண்டு வந்து, நாலு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். நான் ஒட்டுக்கேட்பதில்லை, அதுவாகக் காதில் விழும். தினமும் காலையில் மாஸ்டர் எடை இயந்திரத்தை இழுத்துப் போட்டு "ஏறும்மா" என்பார். எடை குறைந்திருந்தால் தொலைந்தது. வகுப்பை ரத்து செய்துவிட்டு, சூப்புக் கிண்ணத்தோடு எதிரே உட்கார்ந்துவிடுவார். இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய். அவள் குடித்து முடிப்பாள், பிறகு குளியலறைக்கு ஓடுவாள். எடை கூடியிருந்தால் விசில் அடித்துக்கொண்டே படி இறங்குவார். அப்படி அவர் இறங்கிப் பல மாதம் ஆகியிருந்தது.

போன மாதம் அந்த விசில் திரும்பி வந்தது. ஒரு நாள், மறுநாள், பிறகு தினமும். மாடியே சந்தோஷப்பட்டது. அவளைப் பார்த்தால் கன்னம் இன்னும் ஒட்டிப்போயிருந்ததே என்று எனக்கு மட்டும் உறுத்தியது. நல்லதைக் கேட்டால்கூட எனக்கு ஒரு சந்தேகம் வரும், என் பிறவிக் குணம்.

மழை தூறியபோது மொட்டைமாடியில் அவள் துணிகளையும் சேர்த்து எடுத்தேன். அவளுடைய நீளக் கவுன் என் முழங்காலில் வந்து இடித்தது. துணி இடிக்குமா? விளிம்பைத் தடவினேன். உள்ளே வரிசையாக ஈயத் துண்டுகள். திரை காற்றில் பறக்காமல் நேராகத் தொங்க அடியில் வைத்துத் தைப்பார்களே, அவைதான். கை நிறைய இருந்தன.

கவுனைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்து, என்ன இது என்று கேட்டேன். முதலில் இரண்டுதான் வைத்தாளாம். தினமும் கொஞ்சம் கூட்டினாளாம்.

"அவரு வேலைக்குப் போனாருன்னா நாலு மணி நேரம் என் மூஞ்சிய யாரும் பாக்க மாட்டாங்கக்கா. எனக்கு அது போதும். அவருக்கும் கொஞ்சம் மூச்சு விட்ட மாதிரி இருக்கும்ல?"

"ஆஸ்பத்திரியிலயும் இதத்தான் மாட்டிக்கிட்டு ஏறப்போறியா? எடைய பாத்துத்தாண்டி மருந்த அளக்கறாங்க. என் நாத்தனாருக்கு அப்படித்தான் பண்ணாங்க."

அவள் முகம் வெளுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் பிரித்துவிடுவதாகச் சொன்னாள். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து நாள் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

மருந்தேற்றும் நாள் காலையில் அவர்கள் கிளம்பும்போது நான் வாசலில் தற்செயலாக நின்றிருந்தேன். அதே கவுன். காற்றடித்தும் விளிம்பு அசையவில்லை. எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருப்பதாக அளந்துவிட்டுப் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

பயிற்சிக் காரை மாஸ்டர்தான் ஓட்டினார், அவள் பக்கத்து இருக்கையில். வழியெல்லாம் ஒரே பெருமை. இரண்டு கிலோ கூடியிருக்கிறாளாம், டாக்டரே அசந்துபோவாராம். கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்தாள். சொல்லித் தொலைத்துவிடலாம் என்று நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் கார் குலுங்கி நின்றது.

மாஸ்டர் தன் காலைக் குனிந்து பார்த்தார். அவர் மிதிக்கவில்லை. பக்கத்து பிரேக்கை அவள் இரண்டு காலாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஹாரன்கள் கத்தின. பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து விளிம்பைப் பிரித்து, ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வைத்தாள். கை நிறைந்து மடியில் விழுந்தன. அவர் பள்ளிப் பையன் மாதிரி கையை நீட்டியபடியே இருந்தார்.

"நான் விசில் அடிச்சது உனக்குப் பிடிக்கலையா?" என்றார் கடைசியில்.

"பிடிச்சுதுங்க. அதுக்காகத்தான்."

ஆஸ்பத்திரியில் அவள் எடை பார்க்க ஏறியபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். நர்ஸ் எண்ணை மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் அவர் தோள் இறங்கியது. உடம்பு தாங்காது என்று அன்று மருந்து ஏற்றவில்லை. இரண்டு வாரம் தள்ளிப் போட்டார்கள்.

மறுநாள் காலை எடை இயந்திரம் இழுபடும் சத்தம் இல்லை. விசிலும் இல்லை. மாஸ்டர் படி இறங்கிப் போன சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்துக் கிண்ணத்தில் ஸ்பூன் படும் சத்தம். நின்றது. மறுபடி.

நான் எண்ணவில்லை என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்? ஐந்து வாய். அதற்குப் பிறகு குளியலறைக் கதவுச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.