விட்டால் வெடிக்குமா, நிற்குமா

அந்த விண்கப்பல் தொடர் முடிந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஆனாலும் கடைசிக் காட்சியில் கப்பல் தன்னைத்தானே எப்படித் தகர்த்துக்கொண்டது என்று ரசிகர் குழுவில் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். அதிகம் வரிந்துகட்டிய இரண்டு பேர் கணவன் மனைவி. இருவருக்கும் தலைக்கு மேல் வேலை.

‘நீராவி’ என்ற பெயரில் எழுதிய மனைவி சலவை ஆலையில் கொதிகலன் பார்ப்பவள். குண்டெல்லாம் எதற்கு, இயந்திரத்தை ஆள் பார்க்காமல் விட்டாலே வெடித்துவிடும் என்பது அவள் கட்சி. ‘திருகாணி’ என்ற பெயரில் எழுதிய கணவன் லிஃப்ட் மெக்கானிக். மின்சாரம் போனால் லிஃப்டில் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். கப்பலையும் விட்டால் நிற்கும்படிதான் எவனும் கட்டுவான், எங்கோ குண்டு ஒளித்திருக்கிறார்கள் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான்.

குடித்தனத்தையும் அப்படித்தான் நினைத்தான். அது பாட்டுக்கு நிற்கும் என்று வேலையே கதியாகக் கிடந்தான். அவள் பேசிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், கடைசியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்து மாதமாகப் பேச்சுவார்த்தை குழுவில் மட்டும்தான், அதுவும் கப்பலைப் பற்றி.

விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போடும் நாள் வந்தது. வக்கீலம்மாவின் அறையில் அவள் காத்திருந்தாள். வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தானாகக் கேட்க வாய் வரவில்லை.

அவன் கிரீஸ் கையோடு அரை மணி நேரம் கழித்து வந்தான்.

“கப்பல் விஷயத்துல நீ சொன்னதுதான் சரி,” என்றான்.

வக்கீலம்மா ஃபைலை மூடிவிட்டு அவனைப் பார்த்தார்.

“இன்னைக்குக் காலையில ஒரு லிஃப்ட்ல பிரேக் பிடிக்கலை. மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கணும், ரெண்டு மாசமா யாருமே போய்ப் பார்க்கலையாம். தேஞ்சு போயிருந்துச்சு.”

“உள்ள ஆள் இருந்தாங்களா?” என்று அவள் கேட்டாள்.

“இல்ல. தானா பிடிக்கிறதையும் ஒருத்தன் பார்த்துக்கிட்டே இருந்தாத்தான் பிடிக்கும். நம்மளை நான் பார்க்கவே இல்ல. கையெழுத்து வேண்டாம்.”

அவளுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், இதைச் சொல்ல இவ்வளவு நாளா என்ற ஆத்திரம் ஒரு பக்கம்.

“நான் சொன்னதுதான் சரின்னு குழுவுல எழுதுங்க,” என்றாள்.

“எல்லாரும் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். அப்புறம் இன்னொண்ணு. கொதிகலனை லிஃப்ட் மாதிரி மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தா போதாது. தினமும் பார்க்கணும்.”

அவன் தலையாட்டியபடியே கைபேசியில் எழுதத் தொடங்கினான்.