பங்காளியின் புதன்கிழமை

பெயிண்ட் கடையில் நிறம் கலப்பது என் வேலை. நான்கு வருடம் முன்பு அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ் பிரிவின் ஆறாம் எண் நாற்காலியில் சாய்ந்து, கையில் இரண்டு ஊசியோடு, நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வேறு வழி கிடையாது. இந்த நான்கு வருடத்தில் ஒரு கல்யாணத்துக்குக்கூட வெளியூர் போய்த் தங்கியதில்லை.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் செல்போனில் ஒரே படத்தைத்தான் நீட்டுவார்கள். பசிபிக் கடலில் ஒரு தீவு. பவளப்பாறை வளையம் கட்டி நிற்க, உள்ளே அலையே இல்லாத கடல். "இந்த நீலம் வேணும்" என்பார்கள். அது ஒரு நீலமா என்ன? கரையோரம் நிறமே இல்லை. கொஞ்சம் தள்ளி இளம்பச்சை, அப்புறம் பெயர் வைக்க முடியாத ஒன்று, வளையத்துக்கு வெளியே திடீரென்று மசி. படத்தில் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் அந்தத் தீவின் வீடியோ ஒன்றில் மார்பளவு தண்ணீரில் நின்ற ஒரு மீனவரின் கால் நகங்கள் தெரிந்தன. சாயம் இல்லை, தண்ணீரே அப்படித்தான் என்று புரிந்தது. பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசையும் அன்றைக்குத்தான் பிடித்துக்கொண்டது.

விசாரித்தால், அந்தத் தீவில் நான்கே நாற்காலி உள்ள ஒரு டயாலிசிஸ் நிலையம் இருக்கிறதாம். வெளியூர்க்காரர்களுக்குச் செவ்வாய், வியாழன், சனி மட்டும் இடம் தருவார்களாம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். டாக்டர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

"இங்க ஊசி எடுத்ததுலேர்ந்து அம்பது மணி நேரத்துக்குள்ள அங்க ஊசி ஏறணும். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவுல வர்ற நீள இடைவெளியையே நீங்க தட்டுத்தடுமாறித்தான் தாண்டறீங்க, அதே வாரத்துல இன்னொண்ணு தாங்காது. போன வருஷம் மெஷின் ரிப்பேர்னு ஒரு நாள் தள்ளிப்போனப்ப நுரையீரல்ல தண்ணி ஏறிச்சே, ஞாபகம் இருக்கா? அப்ப வீட்டு வாசலுக்கு ஆம்புலன்ஸ் வந்துச்சு. நடுக்கடலுக்கு மேல அது வராது."

ஞாபகம் இல்லாமலா? அன்று படுத்தால் மூச்சு நிற்கும் என்று உட்கார்ந்தபடியே இருந்தேன். என் மனைவி என் முதுகைத் தாங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்குத் தெரியாமல் நானே திட்டம் போட்டேன். செவ்வாய் காலை பத்து மணிக்கு இங்கே ஊசி எடுப்பார்கள். புதன் பிற்பகல் விமானம். புதன் மாலையே தீவில் இறங்குவோம், ஏனென்றால் அந்த ஊர் நேரம் நமக்குப் பின்னால் இருக்கிறது. வியாழன் காலை ஒன்பதுக்கு அங்கே நாற்காலி. நாற்பத்தேழு மணி நேரம். எங்கள் முறைக்காரர்களில் யாரைக் கேட்டாலும் செவ்வாய்க்கு அடுத்த கிழமை வியாழன்தான். புதனென்று ஒரு நாள் இருப்பதையே நாங்கள் மறந்து வெகுகாலம் ஆகிறது. போதாததற்கு, புதன் கிளம்பிப் புதனே போய்ச் சேருவதால் ஒரு நாள் இனாம் என்று சிவப்பு மையில் வேறு எழுதி வைத்தேன். பிரிவின் சிஸ்டர் பார்த்துவிட்டுச் சரி என்றார். டிக்கெட் போடும் ஆளும் தலையாட்டினார். அதன் பிறகுதான் பெருமையாகக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினேன்.

அவள் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். டிரைவர்களுக்கு டியூட்டி போடுகிறவள். அவர்கள் கணக்கில் நாள் இருபத்துநான்கு மணியோடு முடியாது. செவ்வாய் டியூட்டிக்காரர் ஓட்டும் கடைசி பஸ், நள்ளிரவு தாண்டி ஒன்று பத்துக்குக் கிளம்பினால் 'இருபத்தைந்து பத்து' என்று எழுதுவார்கள். கிழமை மாறியதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. மனுஷன் எத்தனை மணி நேரமாக ஸ்டியரிங் பிடித்திருக்கிறான் என்பதுதான் கேள்வி.

என் தாளை ஒரு நிமிடம் பார்த்தாள். டியூட்டி ஷீட்டின் பின்பக்கத்தில் ஒரு நீளக் கோடு போட்டாள். இடது ஓரத்தில் சைபர்.

"ஊசி எடுக்கறது சைபர் மணி. சரியா?"

"சரி."

"அந்த ஊர் நமக்கு எத்தனை மணி பின்னால?"

"பதினெட்டு."

"அப்ப அங்க வியாழன் காலை ஒம்பதுன்னா, இங்க வெள்ளி விடியக்காலை மூணு." பென்சில் கோட்டின் மேல் நகர்ந்தது. "நாப்பத்தேழு இல்லீங்க. அறுபத்தஞ்சு. நீங்க இனாம்னு எழுதியிருக்கீங்களே, அந்த நாளும் உங்க உடம்புலதாங்க ஏறும்."

எனக்கு அசடு வழிந்தது. பிறகு பயம் வந்தது. என்னையும் சேர்த்து மூன்று பேர் பார்த்துச் சரி சொன்ன தாளை அவள் ஒற்றைக் கோட்டில் கிழித்துப் போட்டாள். இவளைக் கேட்காமல் போயிருந்தால் தீவில் இறங்கிய ராத்திரியே மூச்சு முட்டியிருப்பேன். முப்பது வருடம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, இவள் மூளையைப் பால் பாக்கெட் கணக்குக்கு மட்டும் பயன்படுத்தியிருக்கிறேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

தீவில் புதன்கிழமை இடம் இல்லை என்று பதில் வந்துவிட்டது. விமானமும் வாரத்துக்கு ஒன்றுதான். ஒரே வழி, இங்கே புதன் காலை நான் ஊசி போட்டுக்கொண்டு அப்படியே விமானம் ஏறுவது. அப்படியென்றால் நாற்பத்தோரு மணி. ஆனால் இங்கேயும் ஒரு நாற்காலி காலியில்லை. புதன்கிழமை ஆறாம் எண் நாற்காலி யாருடையது என்று கேட்டதும் எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. அது பங்காளியுடையது.

பங்காளி என்பது நான் வைத்த பெயர். திங்கள், புதன், வெள்ளி அதே நாற்காலியில் சாய்கிறவர். ஆளை நான் பார்த்ததே இல்லை. ஆனால் சண்டைக்குக் குறைச்சல் இல்லை. நாற்காலியைத் தரை தட்டப் பின்னால் சாய்த்துவிட்டுப் போவார். கைப்பிடியெல்லாம் தலைவலித் தைலம் நாறும். நான் சிஸ்டரிடம் புகார் சொல்ல, அவர் பதிலுக்கு, "செவ்வாய்க்கிழமைக்காரர் சாயக்கறையோட வர்றாரு" என்று சொல்லி அனுப்ப, நான்கு வருடம் இப்படியே ஓடிவிட்டது. அந்த ஆளிடம் போய் எந்த முகத்தோடு கேட்பேன்?

நான் கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை என் மனைவி டிப்போவுக்கு லீவு போட்டுவிட்டு அவர் நாற்காலிப் பக்கம் போய் நின்றிருக்கிறாள். வந்து சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

"எனக்காக அவர் கிட்ட கெஞ்சினியா?"

"கெஞ்சல. அவருக்கும் ஒரு கோடு போட்டுக் காட்டினேன். புதனை உங்களுக்குக் குடுத்துட்டு, உங்க வியாழனை அவர் எடுத்துக்கணும். அப்ப திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் அவருக்கு அறுபத்தெட்டு மணி. அதுக்கு முன்னாடி ஞாயிறு வேற. ரெண்டு நீள இடைவெளி அடுத்தடுத்து. எங்க டிப்போவுல எந்த டிரைவருக்கும் நான் இப்படிப் போட மாட்டேன். அதையும் சொல்லிட்டேன். முடியாதுன்னு சொன்னா தப்பே இல்லைன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"டாக்டரக் கூப்பிடச் சொன்னாரு. அவருக்கு இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகுதாம். உப்பையும் தண்ணியையும் நல்லாக் குறைச்சா சமாளிக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. அப்புறம் இதுல கையெழுத்துப் போட்டாரு."

டிப்போவில் டியூட்டி மாற்றிக்கொள்கிற படிவம். இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். வழக்கம் விடாமல் அதையே கொண்டுபோயிருக்கிறாள். 'காரணம்' என்ற கட்டத்தில் டிரைவர்கள் காய்ச்சல், மச்சினன் கல்யாணம் என்று எழுதுவார்கள். பங்காளி கோணல் எழுத்தில் 'கடல் பார்க்க' என்று எழுதியிருந்தார்.

நான் கையெழுத்துப் போட இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். என் கண்ணுக்குக் குளிர்ச்சி வேண்டுமென்று இன்னொருவர் நாக்கு வறண்டு கிடப்பதா? வேண்டாம், விட்டுவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அவர் யோசிச்சுதான் போட்டாருங்க. கையெழுத்துப் போட்ட டிரைவர் கிட்ட போய், பாவம் உங்களால முடியாதுன்னு நான் சொன்னதே இல்ல. அது அவரைக் கேவலப்படுத்தற மாதிரி."

போட்டேன்.

கிளம்பும் வாரம் அவள் இரண்டு கோடுகள் வரைந்தாள். மேலே என்னுடையது, கீழே அவருடையது. செவ்வாய்க்கிழமை என் முறை முடிந்தது; மறுநாள் காலை அவருடைய நேரத்தில் மறுபடியும் போய்ச் சாய்ந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர்கள் எல்லாம் புது முகம். ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்கதானா அந்தச் செவ்வாய்க்கிழமை" என்றார். பத்து மணிக்கு ஊசி எடுத்தார்கள். மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்து, கோட்டில் ஒரு புள்ளி வைத்தாள். பிற்பகல் விமானம் ஏறினோம்.

விமானம் மாறுகிற ஊரில் இறங்கியபோது அங்கே முன்பகல். சுவரெங்கும் அந்தத் தீவின் படங்கள். என் கண் அவற்றில் நிலைக்கவில்லை. எங்கள் ஊரில் வியாழன் காலை ஆறு அடிக்கப்போகிறது. மேல் கோட்டில் எனக்கு இருபது மணி. நான் நன்றாகத்தான் இருந்தேன். கீழ்க்கோட்டில் அறுபத்தெட்டாவது மணி நெருங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அனுமதித்த அரை டம்ளர் தண்ணீரை மனைவி நீட்டினாள். அப்புறம் என்றேன். அவளும் வற்புறுத்தவில்லை. இருவரும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். எங்கள் இரண்டாவது விமானத்துக்கு வரிசை நிற்கத் தொடங்கியிருந்தது.

ஆறு பத்து. ஆறு இருபது. ஆறு முப்பத்தைந்துக்குப் போன் அடித்தது. சிஸ்டர்.

"ஏறிட்டாரு சார். எடை கொஞ்சம் கூட இருக்கு, கால் வீங்கியிருக்கு. மூச்சு நல்லா இருக்கு, பிரஷர் பரவாயில்ல. பேசணும்ங்கறாரு, இருங்க."

நான்கு வருடச் சண்டைக்காரரின் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். கரகரப்பான, களைத்த, சின்னக் குரல்.

"அண்ணே, போய்ச் சேந்தாச்சா?"

"இன்னும் ஒரு விமானம் இருக்குங்க. நீங்க எப்படி இருக்கீங்க?"

"நேத்து சாயங்காலம் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஐஸ் கட்டியை வாயில வெச்சுக்கிட்டு ஓட்டிட்டேன். இப்ப சரியாயிரும்."

நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தை அவருடைய நேற்றைய சாயங்காலத்துக்கு முன்னால் ரொம்பச் சிறியதாகப் பட்டது. அவரே பேசினார்.

"உங்க வீட்டம்மா போட்ட கோடு இருக்கே, அதை நாலஞ்சு தடவை எடுத்துப் பாத்தேன். எனக்கு ஒரு பொண்ணு இருக்கு அண்ணே. கடல் தாண்டிக் கட்டிக் குடுத்தோம். பேத்திக்கு மூணு வயசு, இன்னும் தூக்கல. இந்த உடம்போட போக முடியாதுன்னே இருந்துட்டேன். ஒரு நாள் எனக்கும் அந்த மாதிரி ஒரு கோடு போட்டுத் தரச் சொல்றீங்களா?"

போனைக் காதில் வைத்தபடியே மனைவியைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. கைப்பையைத் திறந்து புதிய தாள் ஒன்றை எடுத்து மடியில் விரித்தாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். சீட்டு வாங்கும் பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு என் கிழமையில எது வேணும்?" என்றேன்.